உடையைப் பார்த்து ஓவியத்தின் ஆண்டைச் சொல்வது எப்படி: ஐரோப்பிய ஆண், பெண் உடைகள்

பெயரோ தேதியோ இல்லாத ஐரோப்பிய உருவப்படம் ஒன்று கண்ணில் பட்டால், அது எந்தக் காலத்தது என்பதைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் குறுக்கிவிட உடை போதும். ராஜாக்களின் வரிசையோ ஓவியர்களின் பட்டியலோ மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. கழுத்து, இடுப்பு, கை, தலை என்ற நான்கு இடங்களை எந்த வரிசையில் பார்ப்பது, எது எங்கே ஏமாற்றும் என்று தெரிந்தால் போதும். தையல் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். கைக்குழி எங்கே இருக்கிறது, கொசுவம் எங்கிருந்து விழுகிறது என்று அவர்கள் கண் தானாகவே தேடும்.

இந்த முறை சுமார் 1340-க்குப் பிறகுதான் வேலை செய்யும். அதற்கு முன் ஆணும் பெண்ணும் உடுத்தியது ஏறக்குறைய ஒரே மாதிரியான நீளத் தொளதொள அங்கி. தலைமுறைக்குத் தலைமுறை பெரிய மாற்றம் இருக்காது. 1340-களில் ஆண்களின் மேலுடை திடீரென்று குட்டையாகி, உடம்போடு ஒட்டி, முன்பக்கம் வரிசையாகப் பட்டன் வைத்ததாக ஆனது. கையைத் தனியாக வெட்டிக் கைக்குழியில் பொருத்தித் தைக்கும் வேலை அப்போதுதான் பரவியது. உடம்புக்கு அளந்து வெட்டத் தொடங்கிய பிறகு வெட்டு மாறிக்கொண்டே இருந்தது. ஆணின் உடையும் பெண்ணின் உடையும் தனித்தனி வழியில் பிரிந்ததும் இங்கேதான்.

கடைசியாக வந்த பொருளே தேதி

ஒரு படத்தில் பத்துப் பொருள் இருந்தால் ஒன்பது பழையதாக இருக்கலாம்: பாட்டியின் நகை, அப்பாவின் வாள், பத்து வருடம் முன்பு தைத்த கவுன். ஆனால் இன்னும் புழக்கத்துக்கே வராத ஒன்றை யாராலும் போட்டுக்கொள்ள முடியாது. எனவே படத்தில் இருப்பவற்றில் எது மிகப் பிந்தி வந்ததோ அதுவே கீழ் எல்லை. அதற்கு முன்னால் படம் வரைந்திருக்க வழியில்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் செய்யும் பிழை இதற்கு நேர் எதிர். கண்ணைப் பறிக்கும் பெரிய பொருளை வைத்துத் தேதி சொல்லிவிட்டு, காதோரம் இருக்கும் சின்ன முடிச்சைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

பார்க்கும் வரிசை இது. முதலில் கண்ணைச் சுருக்கி, நிறத்தை மறந்து, வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள்: முக்கோணமா, மணியா, பெட்டியா, குழாயா? பிறகு கழுத்து. அடுத்து பெண்ணானால் இடுப்புக்கோடு, ஆணானால் கோட்டின் நீளமும் உள்கோட்டின் (வெயிஸ்ட்கோட்) நீளமும். அதன்பின் கை. கடைசியில் தலைமுடி. துணியும் நிறமும் நகையும் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. நல்ல பட்டும் முத்தும் எல்லா நூற்றாண்டிலும் இருந்தன.

கழுத்து: முதல் சல்லடை

நூற்றாண்டைப் பிரிக்கக் கழுத்தைப் போல உதவும் இடம் வேறில்லை.

உள்ளே போட்ட லினன் சட்டையின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தால் 1540-க்கு முன். அந்த விளிம்பில் நாடா இழுத்துக் கட்டியதால் சின்னச் சுருக்கு எட்டிப் பார்த்தால் 1540-கள், 1550-கள். அந்தச் சுருக்குத்தான் வளர்ந்து ரஃப் ஆனது. கஞ்சி போட்டு, 8 என்ற எண் வடிவில் அடுத்தடுத்து மடித்து, கழுத்தைச் சுற்றி நிற்கும் வெள்ளை வளையம் அது. 1560-களில் சட்டையிலிருந்து பிரிந்து தனிப்பொருளாகிறது. பிரிந்தால்தானே தனியாகத் துவைத்து, தனியாகக் கஞ்சி போட முடியும். லினனைக் கஞ்சியில் விறைப்பாக்கும் வித்தை இங்கிலாந்துக்குப் புதிது. 1564-ல் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து லண்டன் வந்த டிங்கன் வான் டென் ப்ளாஸ் என்ற பெண் அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். கஞ்சி இல்லாமல் பெரிய ரஃப் நிற்காது. ஆகவே அகலமான ரஃப் போட்ட ஆங்கிலேயரை 1550-களுக்குக் கொண்டுபோக முடியாது.

ரஃப்பைப் படிக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, அகலம்: கன்னம் வரை மட்டும் என்றால் 1560-கள், தோளைத் தாண்டி வண்டிச் சக்கரம் போல் விரிந்தால் 1580-கள், 1590-கள். இரண்டு, வடிவம்: முழு வட்டமா, முன்னால் திறந்து பின்னால் விசிறி போல் எழும்புகிறதா? திறந்த விசிறி பெண்களுக்கு உரியது, சுமார் 1590 முதல் 1615 வரை. மூன்று, நிற்கிறதா, தொங்குகிறதா? கஞ்சி இல்லாமல் அடுக்கடுக்காகத் தோளில் விழுந்து கிடந்தால் 1615-க்கும் 1630-களுக்கும் இடையில்.

நாட்டைப் பார்க்காமல் ரஃப்பை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்பெயினில் நான்காம் ஃபிலிப் 1623-ல் ரஃப்பைத் தடைசெய்தார். அதற்குப் பதில் அட்டை வைத்து விறைப்பாக்கிய தட்டையான கோலில்யா காலர் வந்தது. வெலாஸ்கெஸ் வரைந்த அரசவை ஆண்களின் தலை தட்டில் வைத்தது போல் இருப்பது அதனால்தான். டச்சுக்காரர்களோ 1630-களில்தான் ரஃப்பை இன்னும் பெரிதாக்கினார்கள். வயதான டச்சுப் பெண்கள் 1640-களிலும் விடவில்லை. ஒரே வளையம் லண்டனில் 1590, ஆம்ஸ்டர்டாமில் 1635.

ரஃப் போன பிறகு 1630-களில் தோள் நிறைய விழும் லேஸ் காலர். 1660-களில் அந்தக் காலர் தாடைக்குக் கீழே சதுரமாகச் சுருங்கும். அதன் பின் ஆண்களுக்கு நீளத் துணியைச் சுற்றிக் கட்டும் கிராவட். அதன் நுனியை முறுக்கிக் கோட்டின் காஜாவில் செருகியிருந்தால் அதற்கு ஸ்டீன்கெர்க் என்று பெயர். 1692-ல் அந்த ஊரில் நடந்த போரின் பெயர் அது, எனவே படம் அதற்குப் பின். 18-ஆம் நூற்றாண்டில் ஆணின் கழுத்தில் வெறும் வெள்ளைப் பட்டி, மார்பில் ப்ரில். 1790-களில் கழுத்துத் துணி மறுபடியும் தாடை வரை ஏறும்.

பெண்ணின் இடுப்புக்கோடு

இடுப்புக்கோடு ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் போய்வரும். இயல்பான இடுப்பில் அது நின்ற காலம் குறைவு.

15-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோடு மார்புக்குக் கீழேயே இருக்கும், வயிற்றுப் பக்கம் துணி குவிந்திருக்கும். யான் வான் ஐக் 1434-ல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி படத்தில் பச்சைக் கவுன் பெண்ணைக் கர்ப்பிணி என்று சொல்லாத ஆள் இல்லை. அவர் கையில் பிடித்திருப்பது துணிக் குவியலை. உள்ளே ரோம லைனிங் வைத்து, தரையில் புரளும் அளவுக்குத் தைத்த கவுனை வயிற்றுக்கு முன் அள்ளிப் பிடிப்பதுதான் அன்றைய நாகரிகம். அக்காலப் படங்களில் கன்னித் துறவியாக வாழ்ந்த புனிதப் பெண்களுக்கும் அதே வயிறுதான்.

16-ஆம் நூற்றாண்டில் கோடு கீழே இறங்கி முன்னால் கூராகும். மேலுடம்பு தலைகீழ்க் கூம்பு, கீழே இன்னொரு கூம்பு. கீழ்க்கூம்பு ஃபார்திங்கேல், அதாவது வளையம் வைத்துத் தைத்த உள்பாவாடை. ஸ்பெயினில் 1470-களில் தோன்றி, இங்கிலாந்துக்கு 1540-களில் வந்தது. கூம்பாக இருந்தால் இந்தக் காலம். இடுப்பில் மேஜைத் தட்டு வைத்தாற்போல் நேராக வெளியே போய்ப் பிறகு செங்குத்தாக விழுந்தால் 1580 முதல் 1610-கள் வரை. லண்டன் தேசிய உருவப்பட மண்டபத்தில் இங்கிலாந்து வரைபடத்தின் மேல் நிற்கும் முதலாம் எலிசபெத்தின் படம், சுமார் 1592, இதற்குச் சரியான மாதிரி.

1620-களின் இறுதியில் கோடு சட்டென்று மேலே ஏறிவிடும். கை முழங்கையோடு நிற்கும். ஐரோப்பியச் சீமாட்டியின் முன்கை வெளியே தெரிவதே அப்போதுதான். 1640-களிலிருந்து மறுபடி இறக்கம். தோளைத் தாண்டிய அகலக் கழுத்து, நீண்ட கூர் இடுப்பு என்றால் 1650-கள், 1660-கள்.

18-ஆம் நூற்றாண்டில் பெண்ணின் மேலுடம்பைக் கச்சு கூம்பாகவே வைத்திருந்தது. அங்கே வித்தியாசம் குறைவு, பாவாடைதான் துப்பு. பக்கவாட்டில் அகலும் பானியே என்ற வளைய உள்பாவாடை 1718 வாக்கில் பாரிஸில் தலைகாட்டுகிறது. 1740-களில் அகலம் உச்சம், கதவைப் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். 1770-களில் அன்றாட உடையில் அது சிறுத்துப் பின்பக்கம் திரள்கிறது. தோளின் பின்புறத்திலிருந்து இரண்டு பெரிய பெட்டிக் கொசுவம் நேராகத் தரைவரை விழுந்தால் அது பிரெஞ்சுக் கவுன், 1720-களிலிருந்து 1770-கள் வரை. முதுகோடு ஒட்டித் தைத்திருந்தால் ஆங்கில முறை.

பிறகு பெரிய புரட்டு. 1783-ல் ஓவியர் விஜே லெ ப்ரன் தன் படமொன்றில் பிரான்ஸ் ராணி மரி அன்துவானெத்தை இடுப்பில் பட்டை கட்டிய வெறும் வெள்ளை மஸ்லின் கவுனில் காட்ட, உள்ளாடையோடு நிற்கிறாரே என்று எழுந்த கூச்சலில் அந்தப் படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் எல்லாப் பெண்களும் அந்த வெள்ளைக்கு வந்துவிட்டார்கள். 1795 முதல் சுமார் 1820 வரை இடுப்புக்கோடு மார்புக்கு நேர்கீழே. 1820-களின் பிற்பகுதியில் இயல்பான இடத்துக்கு வந்து, 1840-களில் அதற்கும் கீழே கூராகிவிடும்.

ஆணின் கோட்டு: அடி ஸ்கேல்

ஆண்கள் உடை மாறாது என்று நினைப்பவர்கள் 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டைப் பார்த்ததில்லை. பெண்ணின் கவுனில் பதினைந்து வருட இடைவெளி விட்டுத்தான் தேதி சொல்ல முடியும். ஆணின் கோட்டில் பத்துக்குள் சொல்லலாம்.

1666 அக்டோபரில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் நீண்ட உள்கோட்டு அணியும் புதிய முறையை அரசவையில் அறிவித்தார். கோட்டு, உள்கோட்டு, முழங்காலோடு நிற்கும் கால்சட்டையான பிரீச்சஸ் என்ற மூன்று துண்டு உடை அங்கிருந்து நிலைபெறுகிறது. அதன்பின் கவனிக்க வேண்டியது உள்கோட்டின் நீளம். நூற்றாண்டு முழுவதும் அது ஒரே திசையில் குறைந்துகொண்டே வந்தது. 1700 வாக்கில் முழங்காலை ஒட்டி, கோட்டுக்குச் சமமாக. 1760-களில் தொடையின் நடுவில். 1780-களில் இடுப்பெலும்போடு. 1790-களில் கீழ்ப்பக்கத் துண்டே இல்லாமல், இடுப்பில் கத்தரித்தாற்போல் நேர்க்கோடு.

அதைக் கோட்டின் மற்ற மூன்று இடங்களோடு ஒத்துப் பாருங்கள். கைப்பட்டி 1730-கள், 1740-களில் முழங்கை வரை மடிந்த பெரும் பட்டி. 1770-களில் மணிக்கட்டோடு ஒட்டிய சிறு பட்டி. காலர் 1760-கள் வரை பெரும்பாலும் கிடையாது, பிறகு சின்ன நின்ற பட்டி, 1790-களில் காதைத் தொடும் உயரம். முன்விளிம்பு 1740-களில் நேராகக் கீழே போகும், பக்கவாட்டில் கொசுவம் விசிறியாய் விரியும். 1760-களிலிருந்து விளிம்பு பின்னோக்கி வளையத் தொடங்கி, நூற்றாண்டின் இறுதியில் வால்கோட்டாகிவிடும். நான்கில் மூன்று ஒரே பத்தாண்டைக் காட்டினால் அதை எழுதிக்கொள்ளலாம். இரண்டு மட்டும் ஒத்துப்போனால், அவர் வயதானவரா என்று முகத்தைப் பாருங்கள்.

தலையும் துணைக்கு வரும். தோளில் புரளும் பெரிய விக், உச்சியில் இரண்டு மேடு என்றால் 1690 முதல் 1715 வரை. சிறிய விக், பின்னால் கறுப்பு ரிப்பன் என்றால் 1730-க்குப் பின். இங்கிலாந்து 1795-ல் தலைப் பவுடருக்கு ஆண்டுக்கு ஒரு கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) வரி போட்டது. இளைஞர்கள் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். பவுடர் போட்ட இளைஞன் அதற்குப் பிறகு அரிது. சேவகர்களும் முதியவர்களும் மட்டும் தொடர்ந்தார்கள்.

19-ஆம் நூற்றாண்டு ஆணிடம் தேதி சொல்வது கடினம், கறுப்புக் கோட்டு எல்லாவற்றையும் மூடிவிடும். முழங்கால் பிரீச்சஸ் போய் முழுக்கால்சட்டை பகலுடையாக 1800 முதல் 1825-க்குள் நிலைத்தது. இடுப்பு இறுகி, தோளும் மார்பும் பஞ்சு வைத்துப் புடைத்திருந்தால் 1820-கள், 1830-கள். கால்சட்டையின் முன்னால் இஸ்திரி மடிப்பு கத்தி போல் நின்றால் 1890-களுக்குப் பின்.

பஃப் கைகளும் பஸில்களும்: இரட்டைப் பிறவிகள்

பழைய ஃபேஷன் திரும்பி வரும்போதுதான் பெரும்பாலான தேதிகள் அறுபது வருடம் தவறிப்போகின்றன. ஆட்டுத்தொடைக் கை, அதாவது மேலே பெரிதாக உப்பி மணிக்கட்டில் ஒடுங்கும் கை, இருமுறை வந்தது. முதல் உச்சம் 1830-களின் தொடக்கம், 1836-ல் திடீரென்று வற்றிப்போனது. இரண்டாவது உச்சம் 1895, 1896. பிரிப்பது எளிது. தோள்தையல் எங்கே என்று பாருங்கள். 1830-களில் தையல் தோளுக்குக் கீழே புஜத்தில் இருக்கும், உப்பல் பக்கவாட்டில் தொங்கும், கழுத்து அகலம், பாவாடை சுருக்கு வைத்த மணி, கணுக்கால் தெரியும். 1890-களில் தையல் தோள்முனையிலேயே இருந்து உப்பல் மேல்நோக்கி எழும்பும். கழுத்தில் உயர்ந்த நின்ற காலர். பாவாடை இடுப்பில் சுருக்கே இல்லாமல் வழவழப்பாக இறங்கி, கீழே மட்டும் ஃப்ளேர்.

பஸிலும், அதாவது பாவாடையின் பின்பக்கத்தை மட்டும் புடைக்க வைக்கும் உள்சட்டமும், இரட்டை. வரலாறு இப்படி: 1856-ல் எஃகு வளையக் கிரினோலின் வந்து பாவாடையை வட்டக் கூடாரமாக்கியது. 1860-களின் நடுவில் முன்பக்கம் தட்டையாகி, பருமன் பின்னுக்கு நகர்ந்தது. 1869 முதல் 1876 வரை முதல் பஸில். துணி அருவி போலப் பின்னால் வழியும், முழங்கையில் ப்ரில், மென்மையான கோடு. 1877 முதல் 1882 வரை பஸிலே இல்லை, தொடைவரை ஒட்டிய உறை. 1883 முதல் 1889 வரை இரண்டாவது பஸில், இது அலமாரிப் பலகை மாதிரி நேராகப் பின்னால் நீட்டும். மேலே கை ஒல்லி, காலர் உயரம், ஜாக்கெட் ராணுவச் சட்டை போல் விறைப்பு. மென்மையா, மொடமொடப்பா என்பதே கேள்வி.

1908-க்குப் பின் உயர் இடுப்பும் நேர்க்குழாய் வடிவமும் திரும்பின. பாரிஸ் உடை வடிவமைப்பாளர் பால் புவாரே அதில் முன்னால் நின்றார். 1800-ஐச் சேர்ந்ததோ என்று ஐயம் வந்தால் தலையையும் தொப்பியையும் பாருங்கள்.

ஏமாற்றும் படங்கள்

வேஷம்தான் முதல் எதிரி. கெயின்ஸ்பரோ சுமார் 1770-ல் வரைந்த நீல உடைப் பையனின் லேஸ் காலரும் வெட்டு வைத்த கையும் 1630-களின் பாணி. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்கு, 1630-களில் இங்கிலாந்து அரசவையை வரைந்த வான் டைக்கின் காலத்து உடையில் நின்று படம் எழுதிக்கொள்வது பெரிய ஆசை. பெண்கள் இந்த வேஷத்தில் இருந்தால் தலை காட்டிக்கொடுக்கும். காலர் 1630 ஆனாலும் பவுடர் போட்டு உயர்த்திக் கட்டிய முடி 1770. ஜோஷுவா ரெனால்ட்ஸ் தன் பெண்களுக்குக் காலம் கடந்த கிரேக்கத் துணி போர்த்துவதே நல்லது என்று நினைத்தார். அங்கேயும் தலைமுடி அன்றைய பாரிஸ்தான். யாரும் முடியைப் பழைய பாணிக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பதில்லை. உடையும் முடியும் முரண்பட்டால் முடியை நம்புங்கள்.

பெண்களின் முடிக்கு ஒரு சுருக்கக் கணக்கு: 1630-களில் காதோரம் சுருள், நெற்றியில் மெல்லிய முன்முடி. 1690 முதல் 1710 வரை லேஸும் கம்பியும் வைத்து உயர்ந்த ஃபோன்டாஞ்ச். 1720 முதல் 1760 வரை தலையோடு ஒட்டிய சின்ன முடி. 1775-க்குப் பின்னான சில வருடங்கள் கோபுரம். 1780-களில் அதே பருமன் பக்கவாட்டில் மேகமாகப் பரவும். 1830-ல் உச்சியில் நட்டுவைத்த முடிச்சு. 1840-களில் நடுவகிடு எடுத்துக் காதை மூடும்.

அடுத்தது நாடு. வெலாஸ்கெஸின் லாஸ் மெனினாஸ், 1656. அதில் சிறு இளவரசியின் பாவாடை பக்கவாட்டில் அகன்றிருப்பதைப் பார்த்து 1740-களின் பானியே என்று சொன்னால் தொண்ணூறு வருடம் தவறு. ஸ்பெயின் அரசவை, பிரான்ஸ் கைவிட்டதையெல்லாம் வைத்துக்கொண்டிருந்த இடம். வித்தியாசம் மூன்று. ஸ்பானிஷ் உடையில் மேலுடையின் கீழ்மடல் இடுப்பைத் தாண்டிப் பாவாடை மேல் படியும், கை மணிக்கட்டு வரை நீளும். பானியே காலத்தில் மேலுடை இடுப்பில் கூராக முடியும், கை முழங்கையில் நின்று லேஸ் வழியும், தலை சின்னது.

மூன்றாவது, கறுப்பு. ஸ்பானிஷ், டச்சுப் படங்களில் கறுப்பு உடை துக்கம் என்று எழுதிவிடாதீர்கள். ஆழ்ந்த, மங்காத கறுப்புச் சாயம் விலை கூடியது. அது செல்வத்தின் நிறம்.

நான்காவது, கவுன் போட்ட பையன்கள். ஆண் குழந்தைகள் நான்கிலிருந்து ஏழு வயதுவரை பாவாடையில்தான் இருந்தார்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. வெலாஸ்கெஸ் 1659-ல் வரைந்த இளவரசர் ஃபெலிப்பே ப்ரோஸ்பெரோ சிவப்புக் கவுனும் வெள்ளை ஏப்ரனும் கட்டி, அதில் கண்ணேறு கழிக்கும் தாயத்துகள் தொங்க நிற்கிறார். வாள், சாட்டை, முரசு, குதிரைப் பொம்மை பக்கத்தில் இருந்தால் பையனாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

உடையே கையில் கிடைத்தால்

மியூசியப் பெட்டியிலோ ஏலக்கடையிலோ உண்மையான உடை என்றால் முதலில் உள்பக்கத்தைத் திருப்புங்கள். கைத்தையல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1850-களுக்கு முன். நீளத் தையல்கள் சீராக மெஷின் ஓட்டியவை என்றால் அதற்குப் பின். கச்சின் கயிற்றுத் துளைகளில் உலோக வளையம் இருந்தால் 1828-க்கு முன் போக முடியாது. அதற்கு முன் துளைகளை நூலால் சுற்றித் தைத்தார்கள். ஜிப் என்றால் பெண்கள் உடையில் 1930-கள்.

துணியின் வயது வேறு, தையலின் வயது வேறு என்பதை மறக்காதீர்கள். பட்டுத் துணி விலை அதிகம், தையல்கூலி மலிவு. அம்மாவின் 1740-கள் கவுனை மகள் 1770-களில் பிரித்துத் தைத்துக்கொண்டாள். பேத்தி 1840-களில் மீண்டும் பிரித்தாள். பழைய ஊசித் துளைகளின் வரிசை, எதற்கும் பொருந்தாத மடிப்புக் கோடு, மங்காத நிறத்தில் ஒரு பட்டை, இவை பிரித்த அடையாளம். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டுக்கு ஆனா மரியா கார்த்வைட் வரைந்த வாட்டர்கலர் டிசைன்கள் நூற்றுக்கணக்கில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. பலவற்றில் ஆண்டு எழுதியிருக்கிறது. அதே பூ கிடைத்தால் நெய்த ஆண்டு கைக்கு வந்துவிடும். தைத்த ஆண்டு வராது.

பூவேலைப் பருத்தி என்றால் இன்னொரு சட்டக் கணக்கு. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன, சாயவேரில் சிவப்பேற்றி, கையால் பூ எழுதிய சீட்டித் துணி ஐரோப்பாவை அப்படி ஆட்டிவைத்தது. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் எதிர்த்ததால் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடைபோட்டது. இங்கிலாந்தும் 1701-லிருந்து படிப்படியாகத் தடுத்தது. டச்சுக்காரர்கள் தடுக்கவில்லை. ஆகவே அந்த இடைக்காலத்தில் தைத்த சீட்டி கவுன் என்றால் முதலில் ஹாலந்தை நினையுங்கள். பாரிஸில் போட்டவர்களும் உண்டு, அபராதத்துக்குப் பயந்துகொண்டே.

புகைப்படங்களில் ஒரே ஓர் எச்சரிக்கை. ஆணின் பட்டன் வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் என்ற வழக்கத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். 1839-ல் வந்த டகேரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்படம், கண்ணாடிப் பிம்பம் போல இடவலம் மாறித்தான் பதிவாகும். மோதிரக் கையும் மாறும்.

ஒரு படத்தை முழுதாகப் படிப்பது

மியூனிக்கின் பழைய பினாக்கோதெக்கில் பூஷே வரைந்த, பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரின் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நீலப்பச்சைப் பட்டுக் கவுன். படத்திலேயே 1756 என்று இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்காததுபோல் தொடங்குவோம்.

வெளிக்கோடு: பக்கவாட்டில் அகன்ற பாவாடை, கூம்பு மேலுடம்பு. 1720-க்கும் 1780-க்கும் நடுவே. கழுத்து: சதுர வெட்டு, ரிப்பன் ப்ரில். இன்னும் குறுகவில்லை. மார்பின் முன்பக்கம் செருகும் முக்கோணத் துண்டில், பெரியதிலிருந்து சிறியதாக ஏணிப்படிபோல் ரிப்பன் முடிச்சுகள். பிரெஞ்சு முறை, நூற்றாண்டின் நடு. கை: முழங்கையில் நிற்கிறது, கீழே அடுக்கு லேஸ். அந்த லேஸுக்கு மேல் கையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். கொசுவம் வைத்த இறக்கைப் பட்டி இல்லை, கவுன் துணியிலேயே வளைந்து வளைந்து வெட்டிய தொங்கல் இருக்கிறது. இறக்கைப் பட்டி 1730-களுக்குரியது, தொங்கல் அதை 1750-களில் அகற்றியது. இங்கேதான் கீழ் எல்லை 1720-லிருந்து 1750-க்குத் தாவுகிறது. முடி: தலையோடு ஒட்டியது, பூ செருகியது. 1765-க்குப் பின் இவ்வளவு தாழ்வாக இராது. ஆக, 1750-க்கும் 1765-க்கும் இடையில். முப்பது மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் பிரம்மாண்டமான பாவாடைதான் தெரியும். தேதியைச் சொன்னது நான்கு விரல் அகலத் தொங்கல்.

குறிப்பு எழுதும்போது ஒற்றை ஆண்டை எழுதாதீர்கள். “சுமார் 1750–1765, கீழ் எல்லை கைத் தொங்கல், மேல் எல்லை முடி” என்று காரணத்தோடு எழுதுங்கள். பிறகு யாராவது புதிய சான்றோடு வந்தால் எந்த முனையை அசைப்பது என்று தெரியும்.

உடை சொல்வது எந்த ஆண்டை என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் பிரெஞ்சு ஓவியர் ஆங்ரின் மதாம் மொய்தெசியே உட்கார்ந்திருக்கும் படம் உண்டு. 1844-ல் ஒப்புக்கொண்ட வேலை. இழுத்து இழுத்து 1856-ல்தான் கையெழுத்திட்டார். அதற்குள் ஃபேஷன் மாறிவிட, உடையையும் மாற்றி வரைய வேண்டியதாயிற்று. இப்போது அதில் நாம் பார்ப்பது பெரிய பூப்போட்ட பட்டு, கிரினோலின் காலத்துப் பரந்த பாவாடை. அதைப் பார்த்து 1855 வாக்கில் என்று நீங்கள் எழுதினால் சரிதான். ஆனால் முகத்தை வரையத் தொடங்கியபோது அந்த உடை எந்தக் கடையிலும் இல்லை.